இரை கட்டி, கேமரா இறக்கி, மீன் எண்ணுவது எப்படி?

மன்னார் வளைகுடாவில் ஒரு பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேலே படகை நிறுத்தி, "இங்கே கலவா மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். தூண்டில்காரர் இருக்கிறது என்பார். வலைக்காரர் முன்பு இருந்தது என்பார். மூச்சடக்கி முங்குகிறவர் நேற்றுகூடப் பார்த்தேன் என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிய வேண்டுமானால், ஒரே மாதிரியான கண், ஒரே மாதிரியான இடத்தில், ஒரே அளவு நேரம் பார்த்திருக்க வேண்டும். அதற்குத்தான் கேமரா.

முறை எளிமையானது. ஒரு சட்டத்தில் கேமராவைப் பொருத்தி, அதன் எதிரே ஒரு கம்பில் இரையைக் கட்டி, கடலடியில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வருகிறோம். வாசம் பிடித்து வருகிற மீன்கள் கேமராவின் முன்னால் வந்து நிற்கின்றன. முங்குகிறவர் தேவையில்லை, காற்றுக் குமிழிச் சத்தத்துக்கு மீன் ஒதுங்குவதில்லை, யாருக்காவது சந்தேகம் வந்தால் படத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டலாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பெரிய அளவில் வளர்த்தெடுத்த இந்த முறையை வைத்துத்தான் 'குளோபல் ஃபின்பிரிண்ட்' என்ற திட்டம் 58 நாடுகளில் 371 பவளத்திட்டுகளில் சுறாக்களைத் தேடியது. 2020இல் வெளிவந்த அதன் முடிவு: ஏறக்குறைய ஐந்தில் ஒரு திட்டில் ஒரு சுறாகூடப் படத்தில் இல்லை.

பாம்பன் பக்கத்தில் நாட்டுப்படகில் போய் இந்த வேலையைச் செய்து நான் கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாதிக்கு மேல் தவறு செய்து கற்றுக்கொண்டவை.

முதலில் கேள்வி, பிறகு கேமரா

பலர் கேமராவை வாங்கிவிட்டுத்தான் எதைப் படமெடுக்கலாம் என்று யோசிக்கிறார்கள். முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதி வையுங்கள். "கடற்புல் தரையிலும் பவளப் பாரிலும் ஒரே மீன்கள்தான் வருகின்றனவா?" என்பது நல்ல கேள்வி. "இந்தக் கடலில் என்னென்ன இருக்கிறது?" என்பது கேள்வியே இல்லை, ஆசை.

கேள்வியைப் பொறுத்துத்தான் முறையும் அமையும். கலவா, விளமீன், செப்பிலி, சுறா, திருக்கை போன்ற இரை தேடி வரும் மீன்களுக்கு இரைக் கேமரா பொருத்தம். பாசி மேயும் கிளிமீன், ஓரா போன்றவற்றுக்கு இரையில் பெரிய அக்கறை கிடையாது. அவை வழிப்போக்கராக வந்து போகும். அவற்றுக்கு இரையில்லாமல் கேமராவை மட்டும் வைத்துவிட்டு வருவது மேல். கடல் அட்டையைப் பார்க்க வேண்டுமானால் இரண்டுமே உதவாது. கேமராவை ஒரு பலகையில் கட்டி, படகை மெதுவாக ஓட்டி, ஒரே உயரத்தில் தரையைப் படமெடுத்துக்கொண்டு போக வேண்டும். அது தனிக் கதை. இங்கே இரைக் கேமராவை மட்டும் பார்ப்போம்.

அனுமதி

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலும் அதில் அடக்கம். அதற்குள் கேமரா இறக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக இருக்கிறது. அங்கும் கேட்டுவிட்டே இறங்குங்கள். அனுமதி வருவதற்குள் பூங்கா எல்லைக்கு வெளியே பழகிக்கொள்ளலாம். முதல் இருபது முறை எப்படியும் சொதப்பத்தான் போகிறது; அதைப் பவளத்தின் மேல் செய்வானேன்?

கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவைப்பதும், அந்தக் கடலில் தொழில் செய்கிற ஊராரிடம் பேசிவைப்பதும் காகித அனுமதிக்குச் சமம். கடலில் தனியாக மிதக்கும் ஒரு மிதவையைப் பார்த்தால் எவரும் இழுத்துத்தான் பார்ப்பார்.

சட்டம் செய்தல்

ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய் போதும். அடியில் அரை மீட்டருக்குச் சற்று அதிகமான சதுரம், அதன் மேல் கேமரா நிற்க ஒரு தண்டு. கேமராவின் கண் தரையிலிருந்து நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கடற்புல் தரையானால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரமும் புல் ஆடுவதைத்தான் பார்ப்பீர்கள்.

அடிக்குழாய்களில் சிமென்ட் கலவையை நிரப்பினால் எடை கிடைக்கும். மேல் குழாய்களில் துளை போட மறக்காதீர்கள். காற்று வெளியேற வழியில்லாவிட்டால் சட்டம் தரையில் உட்காராமல் நிறைமாதக்காரி போல அசைந்துகொண்டே இருக்கும்.

கேமராவுக்கு எதிரே ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் ஒரு கம்பு. அதன் நுனியில் கெட்டியான வலைப்பை. இரை வைக்கும் பை என்பதால் எங்கள் படகில் அதற்கு 'இரைப்பை' என்றே பெயர் வந்துவிட்டது. வெளியார் கேட்டால் திடுக்கிடுவார்கள். வெங்காயச் சாக்கு வலை போதும் என்று நினைத்தேன். பேத்தை மீன் ஒன்று வந்து ஐந்தே நிமிடத்தில் கிழித்துவிட்டது. அதன் பல் கத்தரிக்கோல். அதன் பிறகு பிளாஸ்டிக் கம்பிவலைதான். கம்பில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டு வையுங்கள். பின்னால் தண்ணீரின் தெளிவை மதிப்பிட அது உதவும்.

கயிறு ஆழத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் வேண்டும். நாலு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்துக்கு ஏழு பாகம் கயிறு. நேர் அளவாக வைத்தால் அலை ஒவ்வொன்றும் சட்டத்தைத் தூக்கிப் போடும். மிக நீளமாக விட்டால் மிதக்கும் கயிறு யாருடைய படகு விசிறியிலாவது சுற்றும். மிதவையில் கொடி, தொலைபேசி எண், 'ஆய்வு, ஒரு மணி நேரத்தில் எடுக்கப்படும்' என்ற ஒரு வரி.

கேமரா

கோப்ரோ போன்ற சிறிய கேமரா எதுவானாலும் போதும். பழைய மாடலாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் இரண்டு வைத்திருந்தால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். 1080பி, நொடிக்கு 30 சட்டகம். பார்வைக் கோணத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் பிறகு தொடாதீர்கள். அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் அதிக மீன் தெரியும், குறுகலில் குறையும். நடுவில் மாற்றினால் கடல் மாறியதா கேமரா மாறியதா என்று சொல்ல முடியாது. அசைவு திருத்தம், வைஃபை, ஜிபிஎஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜிபிஎஸ் தண்ணீருக்கடியில் வேலை செய்யாது, மின்சாரத்தை மட்டும் தின்னும்.

பத்து மீட்டர் வரை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் வெளிக்கூடு இல்லாமல் இறக்காதீர்கள். கூட்டின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும். என்னுடைய முதல் கேமரா போனது அப்படித்தான்: புயல் இல்லை, பாறை இல்லை, என் சொந்தத் தலைமுடி. இப்போதெல்லாம் கூட்டை முந்தின இரவே வீட்டில் விளக்கடியில் வைத்து மூடுகிறேன். வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, சிலிகான் பசையை மினுக்கம் தெரிகிற அளவுக்கு மட்டும் பூசி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு மூட வேண்டும். காலையில் படகில் வைத்து மூடினால் ஈரக்காற்று உள்ளே அடைபட்டு, குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடி முழுக்கப் பனி படரும். புதுக் கூடு என்றால் முதல்முறை கேமராவுக்குப் பதில் மெல்லிய காகிதத்தை மடித்து வைத்து இறக்குங்கள். காகிதம் உலர்ந்து வந்தால் கேமராவை நம்பி அனுப்பலாம்.

எந்த நாள்

ராமேஸ்வரத் தீவுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்தால் வடகடல் (பாக் விரிகுடா) அடங்கியிருக்கும். வாடைக்காற்றில் வடகடல் கலங்கினால் தென்கடல் பரவாயில்லை. இரண்டும் அடங்கி, தண்ணீர் தெளிந்திருப்பது பெரும்பாலும் மாசியிலிருந்து சித்திரை வரை. எனக்குப் பிடித்த பருவம் அது.

அடுத்தது திதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும், தரை கலங்கும். அட்டமி, நவமியை ஒட்டி ஓட்டம் தளரும். நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று காலண்டரில் போட்டிருக்கும் நாள்தான் கேமராவுக்கு நல்ல நாள். எங்கள் படகின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இதில் தொடக்கத்தில் மனம் ஒப்பவில்லை. வீடியோவைப் பார்த்த பிறகு சமாதானமானார்.

சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். விடியலிலும் அந்தியிலும் மீன்களின் நடமாட்டமே வேறு. காலையில் ஒரு நாளும் அந்தியில் ஒரு நாளும் எடுத்து ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது இடத்தை அல்ல, நேரத்தை.

இடத்துக்குப் போனதும், சட்டத்தை இறக்கும் முன் வெள்ளைத் தட்டு ஒன்றில் கயிறு கட்டி இறக்கிப் பாருங்கள். மூன்று மீட்டருக்குள் மறைந்துவிட்டால் அன்றைக்கு வேலை வேண்டாம். டீசல் செலவாகிவிட்டதே என்று இறக்கினால், பிறகு பல மணி நேரம் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

கடலில்

இரை எல்லா முறையும் ஒரே மீனாக இருக்க வேண்டும். சாளைதான் (மத்தி) நல்லது: எண்ணெய் அதிகம், வாசம் தண்ணீரில் நெடுந்தூரம் போகும், மலிவு. தராசில் நிறுத்து ஒரு கிலோ. கையால் பாதி நசுக்கிப் பையில் போடுங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் புது இரை. போன முறையின் மிச்சத்தோடு கொஞ்சம் சேர்த்துவிடுவது மனிதச் சுபாவம், செய்யாதீர்கள். சாளை கிடைக்கவில்லை என்று ஒருநாள் கணவாயைக் கட்டினேன். அன்றைய வீடியோக்கள் இன்றும் எதோடும் சேராமல் தனியே கிடக்கின்றன.

கேமராவை ஓடவிட்டதும் அதன் முன் ஒரு சிலேட்டைக் காட்டுங்கள்: தேதி, இடம், இறக்க எண், ஆழம். வாயாலும் சொல்லுங்கள். சிலேட்டில் வெயில் பட்டு எழுத்து தெரியாமல் போன நாட்களில் குரல்தான் காப்பாற்றியது.

சட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். கயிற்றைக் கையில் பிடித்து மெதுவாக விடுங்கள். மணல் அல்லது உடைகல் தரையைப் பார்த்து இறக்குங்கள். உயிருள்ள பவளத்தின் மேல் ஒருபோதும் வேண்டாம், அதன் ஓரத்து மணல் போதும், மீன் தேடி வரும். தரை தட்டியதும் கயிறு தளரும். அப்போது ஒருமுறை லேசாக இழுத்துப் பாருங்கள். சட்டம் நேராக நிற்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா என்று கைக்குத் தெரியும். பத்து முறை செய்தால் பழகிவிடும். பிறகு மிதவையை விட்டுவிட்டு, இடக் குறியீட்டையும் (ஜிபிஎஸ் காட்டும் எண்கள்) நேரத்தையும் எழுதிக்கொண்டு, விலகிப் போய்விடுங்கள். பக்கத்திலேயே இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருப்பது ஒரு வீட்டு வாசலில் லாரியை நிறுத்திவைப்பது மாதிரி.

அடுத்த சட்டம் குறைந்தது 400 மீட்டர் தள்ளி. அதைவிட நெருங்கினால் ஒரே மீன் இரண்டு விருந்துக்கும் போய்வரும், நீங்கள் அதை இரண்டாக எண்ணுவீர்கள். நான்கு சட்டம் இருந்தால் ஒரு நாளில் இரண்டு சுற்று, எட்டு இறக்கம் முடியும். ஒரே ஒரு இறக்கத்தை வைத்து ஒரு பாரைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்துப் பாறையில் பெரிய கலவா ஒன்று படுத்திருந்தால் சின்ன மீன் எதுவும் அன்று எட்டிப் பார்க்காது.

அறுபது நிமிடப் படம் வேண்டுமானால் எழுபது நிமிடம் விடுங்கள். எடுக்கும்போது மிதவையை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி, படகு கயிற்றுக்கு நேர் மேலே வந்த பிறகு இழுங்கள். சாய்வாக இழுத்தால் சட்டம் தரையை உழுதுகொண்டு வரும். கரை சேர்ந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், கூட்டைத் திறப்பதற்கு முன்பே.

கரையில்: உண்மையான வேலை

கடலில் ஒரு நாள் என்றால் திரை முன்னால் நான்கு நாள். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

முதலில் சேமிப்பு. ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 15 முதல் 20 ஜிபி. அன்றிரவே இரண்டு தனித்தனி வட்டுகளில் நகல் எடுத்த பிறகுதான் கேமராவின் மெமரி அட்டையில் உள்ளதை அழிக்க வேண்டும். கோப்ரோ நீளமான படத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சேமிக்கும். பெயரில் முதலில் வருவது துண்டின் எண், கடைசி நான்கு இலக்கம்தான் படத்தின் எண். அகரவரிசையில் அடுக்கினால் எல்லாப் படங்களின் முதல் துண்டும் ஒன்றாக, இரண்டாம் துண்டும் ஒன்றாக நிற்கும். அதைக் கவனிக்காமல் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், மணலில் இருந்த கேமரா திடீரென்று கடற்புல்லுக்குத் தாவியதைக் கண்டு குழம்பியிருக்கிறேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கணினியில் ஒரு தனி உறை (ஃபோல்டர்) போட்டு, சிலேட்டில் எழுதிய எண்ணையே அதற்குப் பெயராக வையுங்கள்.

இனி எண்ணுவது. புதியவர்கள் தவறாமல் விழும் குழி இதுதான். மூன்றாம் நிமிடத்தில் இரண்டு விளமீன் வருகிறது. பதினேழாம் நிமிடத்தில் ஏழு. நாற்பதாம் நிமிடத்தில் ஐந்து. மொத்தம் பதினான்கு என்று எழுதத் தோன்றும். ஆனால் முதலில் வந்த இரண்டும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கலாம். அவை தம் பெயரைச் சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரே நொடியில் திரையில் சேர்ந்து தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். இங்கே ஏழு. ஆய்வாளர்கள் இதை 'மேக்ஸ்-என்' என்பார்கள். உச்ச எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் இருந்த மீன் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்க முடியாது. அந்த ஏழும் சேர்ந்து நின்ற படத்தை நிறுத்திச் சேமித்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.

ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று விஷயங்களைக் குறிக்கிறேன்: முதலில் தலைகாட்டிய நேரம், உச்ச எண்ணிக்கை, அந்த உச்சம் வந்த நேரம். வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளும் ஓர் அட்டவணையும் இருந்தால் தொடங்கிவிடலாம். 'போரிஸ்' என்ற இலவச மென்பொருள் நேரக் குறிப்புகளைத் தானே பதியும். ஆஸ்திரேலியாவின் 'ஈவென்ட்மெஷர்' இதற்கென்றே செய்தது, ஆனால் விலை கொடுக்க வேண்டும். கணினியே மீனை அடையாளம் காணும் கருவிகளும் வந்துவிட்டன. நம் கலங்கல் தண்ணீரில் அவற்றை நம்பி விட்டுவிட எனக்கு இன்னும் துணிவில்லை. மீன் வந்த நிமிடங்களைச் சுட்டிக்காட்டும் உதவியாளாக வைத்துக்கொள்ளலாம்.

எதுவுமே வராத இறக்கத்தை 'பூஜ்யம்' என்று எழுதுங்கள், அட்டவணையிலிருந்து நீக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்குத் திட்டுகளில் சுறா இல்லை என்று உலகத்துக்குச் சொல்ல முடிந்ததே, சுறா வராத மணி நேரங்களையும் உட்கார்ந்து பார்த்து எழுதியதால்தான். ஆனால் சட்டம் கவிழ்ந்து கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பூஜ்யம் அல்ல, தோல்வி. அதைத் தனியாகக் குறியுங்கள்.

பெயர் தெரியாத மீன்

தண்ணீர் முதலில் தின்பது சிவப்பை. ஐந்தாறு மீட்டருக்குக் கீழே, சந்தையில் செக்கச்செவேல் என்று கிடக்கும் நகரை மீன் திரையில் மங்கிய சாம்பலாகத் தெரியும். நிறத்தை நம்பாதீர்கள்; உடல் வடிவம், வாலின் வெட்டு, நீந்தும் விதம் இவைதான் சாட்சி.

ஒருமுறை ஒரே வீடியோவில் இரண்டு இனம் என்று எழுதி வைத்திருந்தேன்: ஒன்று வெளிறிய வெள்ளி, மற்றொன்று உடம்பெல்லாம் கறுப்புத் திட்டு. சம்மாட்டி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "ரெண்டும் ஒரே விளமீன்தான் தம்பி. அதையே பார்த்துக்கொண்டிரு." பார்த்தேன். வெள்ளியாக நீந்தி வந்த மீன் தரையருகே நின்று இரையை முகர்ந்தது. நான்கைந்து நொடிக்குள் அதன் விலாவில் திட்டுகள் ஊறி எழுந்தன, ஈரச் சுவரில் கறை படர்வது போல. விலகி நீந்தியதும் அழிந்துவிட்டன. இந்தக் குடும்பத்து மீன்கள் இப்படி நிறம் மாற்றும் என்று எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. நான் படித்துத்தான் இருந்தேன். கண்ணுக்குத் தெரிய அவர் வேண்டியிருந்தது.

ஆகவே அடையாளம் காணும் நாளில் தொழில் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவருடைய நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். அவர் சொல்லும் ஊர்ப் பெயரை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு 'ஃபிஷ்பேஸ்' தளத்தில் படத்தோடு ஒப்பிட்டு அறிவியல் பெயரைத் தேடுங்கள். ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு மீனைக் குறிக்கும் என்பதால் ஊர்ப் பெயரோடு நின்றுவிடக் கூடாது. இனம் வரை உறுதியாகத் தெரியாவிட்டால் குடும்பப் பெயரோடு விடுவது நேர்மை. 'கலவா வகை, இனம் தெரியவில்லை' என்ற ஒரு வரி, துணிந்து எழுதிய தப்பான பெயரைவிட எத்தனையோ மேல்.

எண்களை எங்கே, யாரிடம்

அட்டவணையில் மீன் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஆழம், தரையின் வகை, தெளிவு, நீரோட்டம், திதி, நேரம் எல்லாம் ஒரே வரியில் இருக்கட்டும். தெளிவுக்கு அந்தக் கறுப்புக் கோடுகளை எண்ணினால் போதும்: கம்பின் கடைசிக் கோடு தெரியாத வீடியோவைத் தெளிந்த நாள் வீடியோவோடு ஒப்பிட வேண்டாம்.

மீனின் நீளமும் வேண்டும் என்றால் ஒரே சட்டத்தில் இரண்டு கேமராக்களை அரை மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, சற்றே உள்நோக்கித் திருப்பி வைத்து, நீச்சல் குளத்தில் அளவு தெரிந்த சட்டகத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை வெளியிடும்போது ஒரு எச்சரிக்கை. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. திருட்டுச் சந்தையில் அவற்றுக்கு நல்ல விலையும் இருக்கிறது. அவை தெரிகிற படத்தில் இடக் குறியீட்டை நீக்குங்கள். பின்னணியில் தீவோ கலங்கரை விளக்கமோ தெரிகிற படகுக் காட்சிகளையும் வெட்டிவிடுங்கள், அதைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். முழுக் குறியீடுகளும் உள்ள அட்டவணையின் ஒரு பிரதியை அனுமதி கொடுத்த அலுவலகத்தில் கொடுங்கள். குறியீடு நீக்கிய வீடியோவை ஒரு மாலையில் படகுத்துறையில் திரை கட்டிப் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் அப்படிக் காட்டிய முதல் நாளே, அட்டவணையில் 'தெரியவில்லை' என்று கிடந்த வரிகளில் ஆறுக்குப் பெயர் கிடைத்தது.